ஆக்ஸானிலேயே உருவான புரதமா, செல் உடலிலிருந்து வந்ததா? எந்தச் சோதனையை நம்பலாம்

போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் மைக்ரோஸ்கோப் அறையிலிருந்து வேகமாக வந்தார். அவர் எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் நரம்பு செல்களை வளர்க்கிறார். அவற்றின் நீண்ட இழையான ஆக்ஸானின் நுனியில், அவர் தேடிக்கொண்டிருந்த புரதம் பச்சையாக ஒளிர்ந்திருக்கிறது. "அக்கா, நுனி வரைக்கும் சிக்னல் இருக்கு. அங்கேயே உருவாகுதுன்னு எழுதிடலாமா?" என்று கேட்டார்.

எழுத முடியாது. ஒரு புரதம் ஓரிடத்தில் இருப்பது வேறு, அங்கே உருவாவது வேறு. கடையில் ஆப்பிள் கிடைப்பதால் அந்த ஊரில் ஆப்பிள் விளைகிறது என்று ஆகிவிடாது. நரம்பு செல்லின் மையப் பகுதியான செல் உடலில் உருவாகி, ஆக்ஸானுக்குள் பயணம் செய்து வந்த புரதமும் நுனியில் அதே பச்சையாகத்தான் தெரியும்.

அப்படியானால் எந்தச் சோதனையைச் செய்வது? அன்று மாலை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகப் பேசிப் பார்த்தோம். இதே கேள்வியோடு நிற்கும் வேறு மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு முறைக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், செல் உடலையும் ஆக்ஸானையும் தனித்தனியாகப் பிரிக்கும் முறைக்கு அதைச் செலவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கேள்வி எங்கிருந்து வந்தது

மனிதனின் முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதத்துக்குப் போகும் இயக்க நரம்பு செல்லின் ஆக்ஸான் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதைக் கட்டி நிறுத்தும் டியூபுலின், நியூரோஃபிலமென்ட் போன்ற புரதங்கள் செல் உடலிலிருந்து நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் நகர்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நுனியை அடைய 1000 நாள், கிட்டத்தட்ட மூன்று வருடம். சிறு பைகளில் ஏறிப் போகும் புரதங்கள் இதைவிட எவ்வளவோ வேகம், நாளுக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும். அவற்றுக்கும் இரண்டரை நாள் பிடிக்கும். நுனியில் அடிபட்டால், அல்லது வளரும் நுனி திசை மாற வேண்டுமென்றால், அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. புரதத்தைச் செய்வதற்கான எம்ஆர்என்ஏவை முன்கூட்டியே அனுப்பி வைத்து, தேவைப்படும்போது அங்கேயே செய்துகொள்வது செல்லுக்கு நல்ல வழிதான். ஒரே எம்ஆர்என்ஏவை வைத்துத் திரும்பத் திரும்பப் பல பிரதிகள் எடுக்கலாம்.

ஆனால் இது நடக்கிறது என்று ஒப்புக்கொள்ள நரம்பியல் உலகம் நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. 1955இல் பாலேயும் பாலடேயும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் நரம்பு செல்லைப் பார்த்தபோது, செல் உடலிலும், சிக்னல் வாங்கும் கிளைகளான டெண்ட்ரைட்டிலும் புரதத்தைக் கட்டும் ரைபோசோம்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. ஆக்ஸானில் அந்தக் கூட்டம் இல்லை. 'ஆக்ஸான் தானாகப் புரதம் செய்யாது' என்பது அதன்பின் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. எட்வர்ட் கோனிக் 1960களிலேயே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை வைத்து எதிர்வாதம் செய்தார். அந்த நொதியை மருந்தால் மீட்க முடியாதபடி முடக்கிவிட்டால், புதிதாக உருவான நொதி மட்டும்தான் திரும்ப வேலை செய்ய முடியும். அது ஆக்ஸானில் திரும்பி வந்த விதத்தைப் பார்த்தால், செல் உடலிலிருந்து வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல்ல முடியவில்லை. 1968இல் இத்தாலியின் ஜியுதித்தாவும் உடன் பணியாற்றியவர்களும் கணவாயின் ராட்சத ஆக்ஸானைத் தனியே எடுத்து, கதிரியக்க அமினோ அமிலம் கொடுத்து, அதில் புதுப் புரதம் சேர்வதைக் காட்டினார்கள். அப்போதும் ஒரு மறுப்பு மிச்சம் இருந்தது: "ஆக்ஸானை ஒட்டியிருக்கும் துணை செல்களான கிளியா செய்து கொடுத்திருக்கலாமே?"

அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை, நியாயமான சந்தேகம்தான். இன்றைக்கும் நம் சோதனைகள் அதே இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. செல் உடலிலிருந்து வரவில்லை என்று எப்படித் தெரியும்? பக்கத்து செல்லிலிருந்து வரவில்லை என்று எப்படித் தெரியும்?

வெட்டிப் பார்ப்பது

இருப்பதில் மிக எளிய வழி, ஆக்ஸானை வெட்டி செல் உடலிலிருந்து துண்டித்துவிடுவது. 2001இல் கேம்பிரிட்ஜில் காம்ப்பெலும் கிறிஸ்டின் ஹோல்ட்டும் ஜீனோபஸ் தவளையின் விழித்திரை நரம்பு செல்களில் இதைச் செய்தார்கள். துண்டித்த பிறகும் வளர்நுனி நெட்ரின் போன்ற வழிகாட்டிப் பொருள்களுக்குச் சரியாகவே பதில் கொடுத்தது. புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்தைப் போட்டால் அந்தப் பதில் நின்றுபோனது. பதில் வந்ததும் சில நிமிடங்களில். செல் உடலோடு தொடர்பே இல்லாத ஒரு துண்டு நிமிடக் கணக்கில் புதுப் புரதம் செய்து திரும்புகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது கஷ்டம்.

செலவு கிடையாது, ஒரு கண்ணாடி ஊசி போதும். ஆனாலும் இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று மாணவியிடம் சொன்னேன். காரணம், வெட்டுவதே ஒரு காயம். காயம் பட்ட இடத்தில் புரத உற்பத்தி கூடுகிறது என்பது 2003இலிருந்தே தெரியும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக் ஃபைன்சில்பரின் குழு, எலியின் பின்னங்காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பில் அடிபட்ட இடத்தில் இம்போர்ட்டின் பீட்டா என்ற புரதம் அங்கேயே உருவாகி, 'இங்கே அடிபட்டிருக்கிறது' என்ற செய்தியை செல் உடலுக்குக் கொண்டுபோக உதவுவதைக் காட்டியது. 2018இல் அதே குழு எம்டார் என்ற புரதமும் அடிபட்ட இடத்திலேயே உருவாகிறது என்றது. எம்டார் புரத உற்பத்தியையே தூண்டிவிடும் புரதம். ஆக, வெட்டிய ஆக்ஸானில் உங்கள் புரதம் உருவானால், வெட்டாத ஆக்ஸானிலும் உருவாகுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நீங்கள் ஆராய்வதே காயத்தையும் மறுவளர்ச்சியையும் என்றால் விஷயம் வேறு. அப்போது வெட்டுவதுதான் சரியான சோதனை.

பிரித்து வளர்ப்பது

என் ஓட்டு இதற்குத்தான். 1977இல் ராபர்ட் காம்பெனோட் ஒரு தட்டை டெஃப்லான் தடுப்பால் அறைகளாகப் பிரித்து, நரம்பு செல்லை ஓர் அறையில் விதைத்து, ஆக்ஸான் மட்டும் தடுப்புக்கு அடியில் புகுந்து அடுத்த அறைக்குப் போகும்படி செய்தார். 2005இல் ஆன் டெய்லர், ஜியோன் ஆகியோரின் குழு அதையே சிலிக்கோன் ரப்பரில் வார்த்தது. ஊடகம் ஊற்றும் குழிகளோடு இரண்டு பக்கங்கள், நடுவில் நிறைய நுண்பள்ளங்கள். இந்த முழு அமைப்பைத்தான் இனி 'அறை' என்கிறேன். ஒவ்வொரு பள்ளமும் 10 மைக்ரான் அகலம், 3 மைக்ரான் உயரம். செல் உடலால் அவ்வளவு சின்ன வாயிலுக்குள் நுழைய முடியாது. டெண்ட்ரைட் நுழைந்தாலும் பாதியில் நின்றுவிடும். ஆக்ஸான் மட்டும் மறுபக்கம் வந்து சேரும். பள்ளத்தின் நீளம் 450 மைக்ரான் என்றால் சில டெண்ட்ரைட்கள் கடந்துவிடலாம். அதனால் 900 மைக்ரான் நீளமுள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். செல்கள் நன்றாக ஒட்டினால் ஒரு வாரத்துக்குள் மறுபக்கத்தில் ஆக்ஸான்கள் வலை போலப் பரவியிருக்கும். காயம் எதுவும் இல்லாமல் செல் உயிரோடு முழுதாக இருக்கிறது, ஆனால் அதன் ஆக்ஸானை மட்டும் நாம் தனியாகத் தொடலாம். வேறு எந்த முறையிலும் இந்த வசதி கிடையாது.

தொடுவதற்கு ஒரு எளிய தந்திரம் உண்டு. செல் உடல் பக்கத்துக் குழிகளில் ஊடகத்தை, அதாவது செல்கள் வளரும் திரவத்தை, சற்று அதிகமாக, 50 மைக்ரோலிட்டர் அளவுக்கு, ஊற்றி வைத்தால் திரவம் அந்தப் பக்கத்திலிருந்து ஆக்ஸான் பக்கம் நோக்கி மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். பள்ளங்கள் அவ்வளவு குறுகல் என்பதால் இந்தக் கசிவு பல மணி நேரம் நீடிக்கும். ஆக்ஸான் பக்கம் நீங்கள் போடும் மருந்து எதிர்நீச்சல் போட்டு செல் உடல் பக்கம் போக முடியாது. நீர்மட்டத்தின் உயர வித்தியாசம்தான் பூட்டு.

அந்தப் பூட்டை நம்பி நான் எட்டு வாரத்தை இழந்திருக்கிறேன். முன்பு வேலை செய்த ஓர் ஆய்வகத்தில், ஆக்ஸான் பக்கம் மட்டும், புதுப் புரதத்தில் குறியேற்றும் பியூரோமைசின் என்ற மருந்தைப் போட்டு அழகான படங்கள் எடுத்து வைத்திருந்தேன். எட்டாவது வாரம் ஒரு மூத்தவர் வந்து, "செல் உடல் பக்கத்துப் படத்தைக் காட்டும்மா" என்றார். நான் எடுக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் செல் உடல்கள் ஆக்ஸானைவிடப் பிரகாசமாக ஒளிர்ந்தன. தேடிப் பார்த்தபோது, இன்குபேட்டரின் அடித்தட்டில் தண்ணீர் வற்றியிருந்தது. காற்று காய்ந்ததால் குழிகளில் இருந்த ஊடகம் ஆவியாகி, இரண்டு பக்கமும் மட்டம் சமமாகியிருந்தது. மருந்து தாராளமாக அந்தப் பக்கம் போயிருக்கிறது. எட்டு வாரப் படங்களில் ஒன்றையும் பயன்படுத்த முடியவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் அறையை ஒதுக்கி, ஆக்ஸான் பக்கம் நீல உணவுச் சாயம் போட்டு, சோதனைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் வைத்துப் பார்க்கிறேன். பள்ளங்களின் செல் உடல் பக்க வாயில் வரை நீலம் வந்தால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்குத்தான்.

இன்னொரு தொல்லை காற்றுக் குமிழி. ஊடகம் ஊற்றும்போது பள்ளத்தில் குமிழி மாட்டினால், மைக்ரோஸ்கோப்பில் அந்தப் பள்ளத்தின் குறுக்கே கறுப்பு ஓரம் கட்டிய வெள்ளை முட்டை மாதிரித் தெரியும். அந்தப் பள்ளத்துக்குள் ஆக்ஸான் நுழையாது. ஒரு பக்கத்துக் குழியில் மட்டும் ஊற்றி, திரவம் தானாகப் பள்ளங்களில் ஊர்ந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும் வரை பொறுத்திருந்தால் பாதிக் குமிழி தவிர்ந்துவிடும்.

இந்த முறையின் பெரிய குறை, கிடைக்கும் பொருள் மிகக் குறைவு. ஆக்ஸான் பக்கத்தைச் சுரண்டி எடுத்தால், புரதத்தின் அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனைக்குக் காணாது. படம் எடுத்துத்தான் ஆக வேண்டும். நிறைய பொருள் வேண்டுமென்றால் நுண்துளைச் சவ்வு இருக்கிறது. மேலே செல், 1 அல்லது 3 மைக்ரான் துளை வழியாகக் கீழே ஆக்ஸான். மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டுக் கீழ்ப்பக்கத்தைச் சுரண்டிக்கொள்ளலாம். ஆர்என்ஏ வரிசை படிக்கும் அளவுக்குப் பொருள் கிடைக்கும். ஆனால் கிளியாவும் அதே துளை வழியாகக் கீழே இறங்கலாம். அதனால் டெண்ட்ரைட்டுக்கு மேப்2, கிளியாவுக்கு ஜிஎஃப்ஏபி ஆகிய எம்ஆர்என்ஏக்கள் கீழ்ப்பக்க மாதிரியில் இல்லவே இல்லை என்று முதலில் காட்டுங்கள். அதைக் காட்டாத பட்டியலை நான் நம்புவதில்லை.

குறியேற்றுவது

புதிதாக உருவாகும் புரதத்தில் மட்டும் ஓர் அடையாளம் சேரும்படி செய்வது. பலரும் முதலில் ஓடுவது இங்கேதான். பழைய வழி கதிரியக்க மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். இப்போது இரண்டு புது வழிகள் பரவலாக இருக்கின்றன.

ஒன்று அசிடோஹோமோஅலனின் என்ற செயற்கை அமினோ அமிலம். மெத்தியோனின் இல்லாத ஊடகத்தில் செல்லை வைத்து இதைக் கொடுத்தால், ரைபோசோம் ஏமாந்து மெத்தியோனினுக்குப் பதில் இதைச் சேர்த்துவிடும். பிறகு கிளிக் வேதியியல் மூலம் அதில் ஒளிரும் மூலக்கூறை ஒட்டலாம். கிளிக் வேதியியலுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் புரதம் முழுதாக, வேலை செய்யும் நிலையிலேயே இருக்கும். இது நல்ல குணம். ஆனால் போதுமான சிக்னல் வர பெரும்பாலும் ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பைகளில் போகும் புரதம் விநாடிக்கு 1 மைக்ரான் நகர்ந்தாலும் ஒரு மணி நேரத்தில் 3.6 மில்லிமீட்டர் போய்விடும். தட்டில் வளரும் ஆக்ஸான் முழுவதையும் கடந்துவிடுகிற தூரம் இது. எனவே அறைகள் பிரிக்காத தட்டில் அசிடோஹோமோஅலனின் வைத்து 'இங்கேதான் உருவானது' என்று சொல்வதில் பொருளில்லை. 'எவ்வளவு உருவானது' என்பதற்கு மட்டும் அது நல்ல அளவுகோல்.

இரண்டாவது பியூரோமைசின். இது ஒரு மண்வாழ் பாக்டீரியா செய்யும் ஆன்டிபயாட்டிக். அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் டிஆர்என்ஏவின் நுனி எப்படி இருக்குமோ அப்படியே இதன் உருவம். ரைபோசோமில் டிஆர்என்ஏ வந்து உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். வளர்ந்துகொண்டிருக்கும் புரதச் சங்கிலி இதனோடு இணைந்து, பாதியிலேயே அறுந்து வெளியேறிவிடும். அந்த ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அவர் ஆய்வகமும் மேலே சொன்ன ஹோல்ட்டின் ஆய்வகமும் ஒரே கேம்பிரிட்ஜில். இந்தத் துறைக்குள் வரும் தமிழ் மாணவர்களிடம் இதை நான் மறக்காமல் சொல்வேன்.

பியூரோமைசினை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டும் ஆன்டிபாடி இருப்பதால், அறுந்த சங்கிலிகளை ஒளிர வைக்கலாம். 5 நிமிடம் போதும். ஒரு குறிப்பிட்ட புரதம்தான் வேண்டும் என்றால், அந்தப் புரதத்தின் தொடக்க முனையைப் பிடிக்கும் இன்னோர் ஆன்டிபாடியும் சேர்த்து, இரண்டும் மிக நெருங்கியிருந்தால் மட்டும் புள்ளி தெரியும்படி செய்யும் முறை 2015இல் வந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் எரின் ஷூமனின் குழு உருவாக்கியது. அதே குழு 2019இல் செல்களை ஊதிப் பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப் முறையோடு பியூரோமைசினைப் பயன்படுத்தி, ஆக்ஸான் முனைகளில் முக்கால் பங்குக்கு மேல் ரைபோசோம் ஆர்என்ஏ இருப்பதையும், 5 நிமிடத்துக்குள் சுமார் 40 சதவீத முனைகளில் புதுப் புரதம் தெரிவதையும் காட்டியது. வளரும் ஆக்ஸானில் மட்டுமல்ல, இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் முதிர்ந்த சினாப்ஸிலும் இது நடக்கிறது என்று பலரை ஒப்புக்கொள்ள வைத்த வேலைகளில் அது ஒன்று.

ஆனால் 2020இல் அடுத்தடுத்து வந்த இரண்டு ஆய்வுகளைப் படிக்காமல் பியூரோமைசின் பாட்டிலைத் திறக்க வேண்டாம். அறுந்த சங்கிலி ரைபோசோமிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், புரத உற்பத்தியை நிறுத்தும் எமெட்டின் போன்ற மருந்து சேர்த்தால் அப்படியே உறைந்து நிற்கும் என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். அப்படி நிற்பதில்லை, விலகிப் போய்விடுகிறது என்று இரண்டும் காட்டின. எனவே நீங்கள் பார்க்கும் புள்ளி புரதம் உருவான இடமில்லை, உருவாகி விலகி வந்து நின்ற இடம். எவ்வளவு தூரம் விலகும்? செல்லுக்குள் ஒரு சாதாரணப் புரதம் விநாடிக்கு 5 சதுர மைக்ரான் என்ற அளவில் பரவுவதாக வைத்துக்கொண்டால், 5 நிமிடத்தில் ஆக்ஸான் நெடுக ஏறக்குறைய 55 மைக்ரான். ஒரு சினாப்ஸின் அகலம் ஒரு மைக்ரான் அளவுதான். 'இந்த சினாப்ஸில் உருவானது, பக்கத்து சினாப்ஸில் உருவாகவில்லை' என்று சொல்ல நினைப்பவருக்கு 55 மைக்ரான் மிக அதிகம்.

பிரித்து வளர்ப்பதற்கு நான் ஓட்டுப் போட முக்கியக் காரணமே இதுதான். நடுவில் 900 மைக்ரான் தடுப்பு இருந்து, பியூரோமைசின் ஆக்ஸான் பக்கம் மட்டும் இருந்தால், சங்கிலி 55 மைக்ரான் விலகினாலும் அது ஆக்ஸானுக்குள்தான் இருக்கிறது. 'ஆக்ஸானா, செல் உடலா' என்ற கேள்விக்கு அந்த விலகல் ஒன்றும் செய்யாது. தனியாக இருந்தால் பியூரோமைசினின் குறை பெரிய குறை, தடுப்போடு சேர்ந்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய குறை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பியூரோமைசின் சின்ன மூலக்கூறு, ஆக்ஸானின் உள்ளேயே செல் உடல் நோக்கிப் பரவவும் செய்யும். ஊடகத்தின் கசிவு அதைத் தடுக்காது. அதனால் 5 நிமிடத்தை 30 நிமிடமாக நீட்டாதீர்கள். செல் உடல் பக்கத்தையும் ஒவ்வொரு முறையும் படம் எடுங்கள். அது இருட்டாக இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுச் சோதனைக்கு, புரத உற்பத்தியை நிறுத்தும் அனிசோமைசின் என்ற மருந்தை முன்பே போட்டு வையுங்கள். ரைபோசோமில் பியூரோமைசின் வேலை செய்யும் இடத்தையே அதுவும் பிடித்துக்கொள்வதால் சிக்னல் அணைந்துவிட வேண்டும். அணையவில்லை என்றால் உங்கள் ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது.

உயிருள்ள விலங்கில் பார்ப்பது

தட்டில் வளர்ந்த செல் ஒரு குழந்தைப் பருவத்துச் செல். வளர்ந்த மூளையில் இதே நடக்கிறதா என்று யாராவது கேட்டால் தட்டை வைத்துப் பதில் சொல்ல முடியாது. அதற்கு ரைபோடேக் எலி. 2009இல் வந்த முறை. ரைபோசோமின் ஆர்பிஎல்22 என்ற புரதத்தில், தேர்ந்தெடுத்த செல் வகையில் மட்டும், ஓர் அடையாளப் பட்டையை ஒட்டிவிடுகிறார்கள். பட்டையைப் பிடித்து இழுத்தால் ரைபோசோமும் அது படித்துக்கொண்டிருக்கும் எம்ஆர்என்ஏவும் கையில் வரும்.

2016இல் ஷிகியோக்கா, ஹோல்ட் குழு இதை விழித்திரையில் செய்தது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சோதனை வடிவமைப்பு அது. விழித்திரை நரம்பு செல்லின் உடல் கண்ணில் இருக்கிறது, ஆக்ஸானின் முனை மூளையின் மேல் கோலிகுலஸில் இருக்கிறது. கண்ணில் மட்டும் ரைபோசோமுக்குப் பட்டை ஒட்டி, மூளைத் துண்டிலிருந்து பட்டையை இழுத்தால், வருவதெல்லாம் ஆக்ஸானுடையது. தடுப்புச் சுவரை இயற்கையே கட்டி வைத்திருக்கிறது. கருவிலிருந்து முதிர்ந்த எலி வரை ஆக்ஸானில் எந்தெந்த எம்ஆர்என்ஏக்கள் ரைபோசோமில் இருக்கின்றன என்று அவர்களால் பட்டியல் போட முடிந்தது. வயது வந்த ஆக்ஸானிலும் பட்டியல் காலியாக இல்லை.

கிளியா சந்தேகத்துக்கும் இது பதில் சொல்கிறது, ஏனென்றால் பட்டை நரம்பு செல்லின் ரைபோசோமில் மட்டும் இருக்கிறது. அதற்கு மறுபக்கமும் உண்டு. அடிபட்ட புற நரம்பில் ஷ்வான் செல்கள் என்ற கிளியாவிலிருந்து ரைபோசோம்கள் ஆக்ஸானுக்குள் கடப்பதை 2008இல் ஒரு குழு காட்டியது. அப்படி இரவல் வந்த ரைபோசோமில் பட்டை இருக்காது, கணக்கில் வராது.

குறை என்ன? எம்ஆர்என்ஏ ரைபோசோமில் இருக்கிறது என்பதால் புரதம் வெளிவந்துவிட்டது என்று உறுதியாகாது. ரைபோசோம் பாதி வழியில் நின்றுகொண்டும் இருக்கலாம். இரண்டு வகை எலிகளைக் கலந்து சரியான குட்டிகளைப் பெறவே மாதக்கணக்கில் ஆகும். ஆக்ஸான் முனையிலிருந்து கிடைக்கும் பொருளும் துளிதான். பட்டை இல்லாத எலியில் அதே இழுப்பைச் செய்து, தானாக ஒட்டி வரும் குப்பையைக் கழிக்க வேண்டும். எம்எஸ்சி திட்டத்துக்கு இது ஒத்துவராது. எலிகள் ஏற்கெனவே இருக்கும் ஆய்வகத்தில் பிஎச்டி செய்கிறீர்கள் என்றால் தயங்க வேண்டாம்.

சன்டேக் என்ற முறையையும் மாணவி கேட்டார். எம்ஆர்என்ஏவின் தொடக்கத்தில் ஒரே குறியைப் பல முறை அடுக்கி வைத்து, ரைபோசோமிலிருந்து சங்கிலி வெளிவரும்போதே ஒளிரும் ஆன்டிபாடித் துண்டுகள் வந்து ஒட்டும்படி செய்வது. 2016இல் ஒரே ஆண்டில் பல குழுக்கள் இதை வெளியிட்டன. ஒற்றை எம்ஆர்என்ஏ உயிருள்ள செல்லில் புரதம் செய்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம், 'எங்கே' என்பதற்கு இதைவிடத் துல்லியமான முறை எனக்குத் தெரியாது. ஆனால் பார்ப்பது நீங்கள் உள்ளே போட்ட செயற்கை எம்ஆர்என்ஏவை. செல்லின் சொந்த எம்ஆர்என்ஏ அங்கே போகிறதா என்பதை அது சொல்லாது. எப்படி நடக்கிறது என்று கேட்பவருக்கு ஏற்ற முறை, நடக்கிறதா என்று கேட்பவருக்கு அல்ல.

உருவாகிறது, சரி. அதனால் என்ன?

ஆக்ஸானில் உருவாகிறது என்று காட்டிய பிறகு, அது இல்லாவிட்டால் ஏதாவது கெடுகிறதா என்று காட்ட வேண்டும். பிரித்த அறைகள் இங்கும் கைகொடுக்கும். ஆக்ஸான் பக்கம் மட்டும் அந்த எம்ஆர்என்ஏவை அழிக்கும் சிறு ஆர்என்ஏவைப் போடலாம், செல் உடல் பக்கத்தில் புரதம் குறையவில்லை என்று காட்டலாம்.

விலங்கில் செய்வதற்கு 2012இல் ஃபைன்சில்பர் குழு காட்டிய வழி இருக்கிறது. எம்ஆர்என்ஏவின் வால்பகுதியில் புரதத்துக்கான குறியீடு கிடையாது, ஆனால் 'ஆக்ஸானுக்குப் போ' என்ற முகவரி பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும். இம்போர்ட்டின் பீட்டாவின் வாலில் அந்த முகவரி உள்ள பகுதியை மட்டும் எலியில் நீக்கினார்கள். செல் உடலில் புரதம் இருந்தது, ஆக்ஸானில் குறைந்தது. நரம்பு அடிபட்ட பிறகு அந்த எலிகள் தேறி வர அதிக நாள் ஆனது. முழு மரபணுவையும் நீக்கினால் செல்லே பிழைக்காத ஒரு புரதத்தில், ஆக்ஸான் பங்கை மட்டும் உருவி எடுத்துப் பார்த்த சோதனை அது. உங்கள் புரதத்தின் முகவரிப் பகுதி தெரிந்திருந்தால் முயற்சிக்கத் தகுந்தது. தெரியாவிட்டால் அதைத் தேடுவதே ஒரு தனி பிஎச்டி.

அந்த மாணவிக்குக் கையில் ஐந்து மாதம் இருக்கிறது. எலி அறைக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்தோம். 900 மைக்ரான் அறைகள், ஆக்ஸான் பக்கம் மட்டும் 5 நிமிடம் பியூரோமைசின், அவருடைய புரதத்தின் தொடக்க முனைக்கான ஆன்டிபாடியோடு சேர்த்துப் புள்ளி எண்ணுவது, பக்கத்தில் அனிசோமைசின் போட்ட அறை ஒன்று. முடிவு சாதகமாக வந்தால், மிச்ச நேரத்தில் ஆக்ஸான் பக்கம் மட்டும் அந்த எம்ஆர்என்ஏவைக் குறைத்துப் பார்ப்பது. ஆக்ஸானை வெட்டும் சோதனையைக் கடைசியில், காயம் என்ன மாற்றுகிறது என்று பார்ப்பதற்காக மட்டும் வைத்துக்கொண்டோம்.

நேற்று முதல் தொகுதியைப் பார்த்தோம். ஆறு அறைகளில் நான்கில் ஆக்ஸான்கள் மறுபக்கம் வந்துவிட்டன. ஒன்றில் குமிழி மாட்டியிருந்தது. ஆறாவது அறையில் நாளைக் காலை நீலச் சாயம் போடுகிறோம். இன்குபேட்டர் தட்டில் தண்ணீரை இன்று மாலையே நிரப்பிவிட்டார்.